சாம்பா ராணுவ மருத்துவமனை வழக்கு: ஒரு யூனிட் ரத்தமும் 1.54 கோடி இழப்பீடும்

2023 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எஸ். ரவீந்திர பட், தீபங்கர் தத்தா அமர்வு, விமானப் படையில் கார்ப்பொரலாக இருந்து விலகிய ஒருவருக்கு 1,54,73,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 2021ஆம் ஆண்டின் சிவில் மேல்முறையீடு எண் 7175. பணியில் இருந்தபோது ராணுவ மருத்துவமனையில் ஏற்றிய ரத்தத்தால் அவருக்கு எச்.ஐ.வி. தொற்றியது என்பதும், அதற்கு மருத்துவ அலட்சியமே காரணம் என்பதும் நீதிமன்றத்தின் முடிவு. தரைப்படை, விமானப் படை இரண்டும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்றது தீர்ப்பு.

தீர்ப்பு வந்தபோது செய்திகளில் தொகைதான் தலைப்பானது. படைவீரருக்கும் அவர் குடும்பத்துக்கும் அதைவிடப் பயன்படுவது, இந்த வழக்கு எந்த இடத்தில் தோற்றது, அதே ஆதாரங்களை வைத்துக்கொண்டு பிறகு எப்படி ஜெயித்தது என்பது. வழக்கின் விவரங்கள் பொதுவெளியில் உள்ளவைதான். ஆனாலும் நோயின் தன்மையைக் கருதி வீரரின் பெயரை இங்கே எழுதவில்லை.

நடந்தது

2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் ‘ஆபரேஷன் பராக்கிரம்’ படைக்குவிப்பு நடந்தது. 1996இல் விமானப் படையில் சேர்ந்த இவர் அந்தப் பணியில் இருந்தபோது, 2002 ஜூலையில் உடல்நலம் குன்றி, ஜம்மு-காஷ்மீரின் சாம்பாவில் உள்ள 171ஆம் எண் ராணுவ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஜூலை 10 அன்று அவருக்கு ஒரு யூனிட் ரத்தம் ஏற்றப்பட்டது. சாம்பாவில் உரிமம் பெற்ற ரத்த வங்கி கிடையாது. நோய்க்குறியியல் மருத்துவரும் இல்லை, ரத்தமேற்றுதலில் தேர்ந்தவரும் இல்லை. ரத்தம் 166ஆம் எண் ராணுவ மருத்துவமனையிலிருந்து வந்தது. குணமாகி அவர் பணிக்குத் திரும்பினார்.

2014இல் மறுபடி நோய்வாய்ப்பட்டபோது செய்த சோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. பன்னிரண்டு ஆண்டு இடைவெளியைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டியதில்லை. சிகிச்சை எடுக்காதவரின் உடலில் இந்தக் கிருமி பெரிய அறிகுறி காட்டாமல் பத்தாண்டு அளவுக்கு இருப்பது வழக்கமானதே. 2014, 2015 ஆண்டுகளில் கூடிய மருத்துவ வாரியங்கள், 2002இல் சாம்பாவில் ஏற்றிய அந்த ஒரு யூனிட் ரத்தமே காரணம், எனவே இது பணியால் வந்த பாதிப்பு என்று எழுதின. ஆனாலும் பணி நீட்டிப்பு மறுக்கப்பட்டு, 2016 மே 31 அன்று அவர் வெளியேற நேர்ந்தது.

அவர் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். கேட்ட தொகை 95 கோடியே 3 லட்சம். 2021இல் ஆணையம் புகாரைத் தள்ளுபடி செய்தது. அலட்சியம் நடந்ததற்கு நிபுணர் சாட்சியம் இல்லை, அதனால் அது நிரூபணமாகவில்லை என்பதே அதன் சாரம்.

பென்ஷன் வேறு, நஷ்டஈடு வேறு

படைவீரர்களும் சில வழக்கறிஞர்களும்கூட அதிகம் குழம்புவது இங்கேதான். மருத்துவ வாரியம் ‘பணியால் வந்தது’ என்று எழுதினால் கிடைப்பது டிசபிலிட்டி பென்ஷன். அதற்கு யார் மீதும் தவறு நிரூபிக்க வேண்டியதில்லை. பாதிப்பு பணியால் வந்தது அல்லது பணியால் மோசமானது என்பதும், அளவு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பதும் போதும். படையில் சேரும்போது குறிப்பிடப்படாத நோய் பின்னர் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது அரசின் வேலை என்று தரம்வீர் சிங் வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நஷ்டஈடு கேட்பவர் நான்கு விஷயங்களைக் காட்ட வேண்டும். மருத்துவமனைக்குக் கவனக் கடமை இருந்தது, அது மீறப்பட்டது, மீறலால்தான் பாதிப்பு வந்தது, பாதிப்பின் அளவு இவ்வளவு. மருத்துவ வாரியத்தின் அறிக்கை இவற்றில் மூன்றாவதை மட்டுமே நிரூபிக்கும். இரண்டாவதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. தேசிய ஆணையத்தில் வழக்கு விழுந்தது அந்த இடைவெளியில்தான். ரத்தத்தால் தொற்று வந்தது சரி, ரத்தம் ஏற்றியதில் என்ன தவறு என்ற கேள்விக்கு விடை இல்லை என்று ஆணையம் கருதியது.

ஒன்றைப் பெற்றால் மற்றது போய்விடும் என்பதும் உண்மையல்ல. இதே தீர்ப்பு இழப்பீட்டோடு நிலுவையில் இருந்த டிசபிலிட்டி பென்ஷன் தொகையையும் ஆறு வாரத்தில் தரச் சொன்னது.

பென்ஷன் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். நூறு சதவீதப் பாதிப்புக்கு, கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் 30 சதவீதம் டிசபிலிட்டி தொகை. 20 முதல் 49 வரை மதிப்பிடப்பட்டால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 ஆகவும், அதற்கு மேல் நூறாகவும் உயர்த்திக் கணக்கிட வேண்டும். பணிக்காலம் முடித்து வந்தவருக்கும் இந்த உயர்த்தல் உண்டு என்பது ராம் அவதார் வழக்கின் (2014) தீர்ப்பு. கடைசிச் சம்பளம் 40,000, மதிப்பீடு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உயர்த்தாமல் கணக்கிட்டால் மாதம் 3,600, உயர்த்தினால் 6,000. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடப்பில் உள்ளன. பாதிப்போடு பணிக்காலத்தை முடிப்பவருக்கு அவை வேறு பெயரில் வேறு ஏற்பாடு செய்கின்றன. வெளியேறிய தேதிக்கு எந்த விதி பொருந்தும் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இல்லாத காகிதம் எதைச் சொன்னது

உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது புதிய சாட்சி யாரும் வரவில்லை. மாறியது கேள்விதான். நோயாளி எதை நிரூபித்தார் என்பதோடு நிற்காமல், மருத்துவமனை எதைக் காட்ட முடியவில்லை என்றும் நீதிமன்றம் பார்த்தது.

ரத்தம் ஏற்றுவதில் ஒவ்வொரு படியிலும் ஒரு பதிவு உருவாக வேண்டும். கொடையாளர் பதிவேடு, பையின் எண், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி, சிபிலிஸ், மலேரியா சோதனைகளின் முடிவு, பொருத்தம் பார்த்த குறிப்பு, அனுப்பிய மருத்துவமனையின் வெளியீட்டுச் சீட்டு, பெற்ற இடத்தின் கையொப்பம், நோயாளியின் ஒப்புதல், ஏற்றத் தொடங்கிய நேரம், முடித்த நேரம். ரத்த வங்கிகளுக்கு உரிமமும் கண்காணிப்பும் வேண்டும் என்று 1996 ஜனவரியில் ‘காமன் காஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருந்தது. ஆகவே 2002இல் இவையெல்லாம் யாருக்கும் புதிதல்ல.

அந்தப் பையின் ரத்தத்துக்கு, எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்கும் எலைசா சோதனை செய்யப்பட்டது என்பதைக் காட்டும் பதிவு வரவில்லை. ரத்தமேற்றுவதில் உள்ள அபாயத்தைச் சொல்லி ஒப்புதல் பெற்றதற்கும் ஆதாரம் இல்லை. இந்த நிலையில், நடந்த சம்பவமே அலட்சியத்தைப் பேசுகிறது, அது அலட்சியமல்ல என்று விளக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு மாறுகிறது என்ற கோட்பாட்டை நீதிமன்றம் கையிலெடுத்தது. நோயாளி முதல்கட்ட ஆதாரம் காட்டியபின் சுமை மருத்துவமனைக்கு மாறும் என்று 2004இல் சவிதா கார்க் வழக்கும், எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று 2010இல் வி. கிஷன் ராவ் வழக்கும் ஏற்கெனவே சொன்னவைதான். தேசிய ஆணையம் நிபுணர் எங்கே என்று கேட்டு நின்றது இந்தப் பின்னணியில் வியப்பளிக்கிறது.

‘விண்டோ பீரியட்’ என்ற தற்காப்பையும் இங்கே புரிந்துகொள்ள வேண்டும். தொற்றிய முதல் சில வாரங்களில் எலைசா சோதனை எதிர்மறையாக வரலாம், அப்படி நழுவிவந்த ரத்தத்துக்கு மருத்துவமனையைக் குற்றம் சொல்ல முடியாது என்பது அதன் வாதம். அறிவியல்படி அது சரியே. ஆனால் சோதனை செய்து, எதிர்மறை முடிவைத் தாளில் வைத்திருப்பவர் மட்டுமே அதைச் சொல்லலாம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு 2018 டிசம்பர் சாத்தூர் நினைவுக்கு வரும். அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. கொடையாளருக்குத் தொற்று இருப்பது 2016 கொடையின்போதே தெரிந்தும் அவரிடம் சொல்லப்படவில்லை. அங்கே பதிவு இருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. சாம்பாவில் காட்டுவதற்குப் பதிவே இல்லை. அலட்சியத்தின் வடிவம் வேறுபட்டாலும், வழக்கு இரண்டிலும் பதிவேட்டைச் சுற்றியே ஓடுகிறது.

போர்ச்சூழலில் இருந்த கள மருத்துவமனை, இருந்த வசதிக்குள் செய்தோம் என்ற வாதம் முற்றிலும் பொருளற்றதல்ல. குண்டு பாய்ந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்குச் சோதனை முடிவுக்காகக் காத்திருக்க முடியாது. இவரோ நோயாளியாக வார்டில் படுத்திருந்தவர். ரத்தமும் இன்னொரு மருத்துவமனையிலிருந்து வரவழைக்கப்பட்டது. அந்த அளவுக்கு நேரம் இருந்தபோது சோதனைக்கு மட்டும் நேரமில்லை என்பது நிற்காது.

தொகை எப்படி வந்தது

வருமான இழப்புக்கு 86,73,000, மன வேதனைக்கு 50,00,000, எதிர்காலப் பராமரிப்புக்கு 18,00,000. மொத்தம் 1,54,73,000. கேட்ட 95 கோடியோடு ஒப்பிட்டால் அறுபதில் ஒரு பங்குதான். ஆனால் நீதிமன்றம் கணக்கிட்டது கோரிக்கையை வைத்து அல்ல. நிரூபிக்கக்கூடிய சம்பளம், மீதமுள்ள வேலைசெய்யும் ஆண்டுகள், பராமரிப்புச் செலவு ஆகியவைதான் அடிப்படை. இழப்பீடு கேட்பவர் முதலில் சேர்க்க வேண்டியவை சம்பளப் பட்டியல், அதே பிரிவில் இருந்து விலகியவர்கள் வெளியே பெறும் வேலைக்கான சான்று, மாத மருந்துச் செலவின் ரசீது. பெரிய எண்ணை எழுதுவதால் தொகை கூடாது.

யார் தருவது என்பதில் ஒரு நல்ல ஏற்பாடு செய்யப்பட்டது. விமானப் படை ஆறு வாரத்தில் முழுத்தொகையையும் தர வேண்டும், பிறகு அதில் பாதியைத் தரைப்படையிடம் வாங்கிக்கொள்ளலாம். வீரர் விமானப் படைக்காரர், மருத்துவமனை தரைப்படையுடையது. இரண்டும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருந்தால் நடுவில் நிற்பவர் வீரர்தான். எந்த மருத்துவர் தவறு செய்தார் என்று தனியாகக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பணியாளர் செய்த தவறுக்கு அமைப்பே பொறுப்பு. வழக்கில் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டியது பாதுகாப்பு அமைச்சகச் செயலர் வழியாக இந்திய ஒன்றியத்தையும், சம்பந்தப்பட்ட ஒவ்வொரு படையையும், மருத்துவமனையையும். மருத்துவரை மட்டும் எதிர்த்து வழக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அவர் மாற்றலாகிப் போயிருப்பார், நோட்டீஸே சேராது.

இறையாண்மைப் பாதுகாப்பு என்ற சுவர்

‘அரசின் இறையாண்மைச் செயலுக்கு (அரசு மட்டுமே செய்யக்கூடிய பணிக்கு) நஷ்டஈடு கிடையாது’ என்ற பழைய வாதம் 1965இன் கஸ்தூரிலால் வழக்கிலிருந்து வருகிறது. மீரட் காவல்துறை பறிமுதல் செய்த தங்கத்தைத் தலைமைக் காவலர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார், அரசு பொறுப்பல்ல என்றது தீர்ப்பு. அந்தச் சுவரில் பின்னர் பல ஓட்டைகள் விழுந்தன. ராணுவ லாரி மோதிய வழக்குகளில் அந்த வாதம் ஏற்கப்படவில்லை. அரசு மருத்துவமனையில் அறுவையின்போது வயிற்றுக்குள் துண்டு விடப்பட்ட வழக்கில் (அச்சுதராவ் கோட்வா, 1996) மருத்துவமனை நடத்துவது இறையாண்மைச் செயல் அல்ல என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. 1950இன் ஃபெரஸ் தீர்ப்புப்படி, பணி சார்ந்த காயத்துக்கு வீரர் அரசைக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குக்கு இழுக்க முடியாது. அந்தத் தீர்ப்பில் சேர்த்து விசாரித்த மூன்று வழக்குகளில் ஒன்றில், ராணுவ மருத்துவத் துறை முத்திரையோடு 30 அங்குல நீளமும் 18 அங்குல அகலமும் கொண்ட துவாலை வீரரின் வயிற்றிலிருந்து எட்டு மாதம் கழித்து எடுக்கப்பட்டது. அவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. 2019 டிசம்பரில் வந்த சட்டம், ராணுவ மருத்துவமனை அலட்சியத்துக்கு மட்டும் பாதுகாப்புத் துறையிடமே கோரிக்கை வைக்கும் வழியைத் திறந்தது. வழக்குப் போடும் தடை அப்படியே இருக்கிறது. பிரிட்டனில் இத்தகைய தடை 1987இல் நீக்கப்பட்டது. இந்திய வீரர் இந்த விஷயத்தில் அமெரிக்க வீரரைவிட நல்ல நிலையில் இருக்கிறார், பலருக்கு அது தெரியாது என்பதுதான் குறை.

போர்க்களக் கட்டளை முடிவுகளுக்கு இந்த வழி உதவாது. ஒரு ரோந்து ஏன் அனுப்பப்பட்டது என்று எந்த நீதிமன்றமும் எடைபோட விரும்பாது. மருத்துவமனை, வாகனம், குடியிருப்பு, கருவிப் பராமரிப்பு போன்றவற்றில் கவனக் கடமை தெளிவாக உள்ளது. பயிற்சி விபத்து இரண்டுக்கும் நடுவில் நிற்கும். பாதுகாப்பு நிலையாணை மீறப்பட்டதைக் காட்ட முடிந்தால் வழக்குக்கு வலு உண்டு.

எந்த வாசல், எவ்வளவு நாள்

ஆயுதப் படைத் தீர்ப்பாயம் (சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு) பென்ஷன், பணிநீக்கம், மருத்துவ வகைப்பாடு போன்ற பணி விவகாரங்களுக்கு. அலட்சியத்துக்கான நஷ்டஈட்டை அங்கே கேட்பது வாசல் மாறிப் போவது. பென்ஷன் மறுக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் மறுக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் இரண்டாவது, பிறகு தீர்ப்பாயம். மனுவுக்கு ஆறு மாதமாகியும் பதிலே வராவிட்டால் காத்திருக்க வேண்டாம், தீர்ப்பாயத்துக்கு நேராகப் போகலாம்.

நஷ்டஈட்டுக்கு நுகர்வோர் ஆணையம். ‘இலவச சிகிச்சை, நீங்கள் நுகர்வோர் அல்ல’ என்ற ஆட்சேபம் நிச்சயம் வரும். ரயில்வே ஊழியருக்கு ரயில்வே மருத்துவமனை தரும் சிகிச்சை பணி நிபந்தனையின் பகுதி, அதை இலவசமாகக் கொள்ள முடியாது என்ற உச்ச நீதிமன்றத்தின் கோட்கிரி தீர்ப்பைப் புகாரிலேயே எழுதிவிடுவது நல்லது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எந்த மட்ட ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது கேட்கும் இழப்பீடு அல்ல, சேவைக்குச் செலுத்திய தொகை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். கையிலிருந்து எதுவும் கட்டாத வீரரின் புகார் இன்று கோடிக்கணக்கில் கேட்டாலும் மாவட்ட ஆணையத்தில்தான் தொடங்கும். அதனால் ஒரு நன்மையும் உண்டு. வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம், சாம்பாவுக்கோ தில்லிக்கோ அலைய வேண்டாம்.

நுகர்வோர் புகாருக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு. பென்ஷன் மேல்முறையீடு முடியட்டும், அப்புறம் நஷ்டஈடு பார்க்கலாம் என்று இருந்து இந்த இரண்டு ஆண்டைத் தொலைப்பவர்கள் அதிகம். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும். மறைந்திருந்து பின்னால் தெரியவரும் பாதிப்புக்குத் தெரிந்த நாளிலிருந்து கணக்கு. ஆனால் அதற்கும் எல்லை இருக்கிறது. 1993இல் பித்தப்பை அறுவையில் வயிற்றுக்குள் விடப்பட்ட பஞ்சுத்துணி 2002இல் தெரியவந்த வழக்கில், ஒன்பது ஆண்டு வலியோடு இருந்தும் காரணம் கேட்காதது தவறு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் புகாரை ஏற்கவில்லை. எச்.ஐ.வி. போல அறிகுறியே காட்டாத பாதிப்பு வேறு, தினம் வலிக்கும் பாதிப்பு வேறு.

சிவில் நீதிமன்றம் போவதென்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு நோட்டீஸ் அனுப்பி இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். ராணுவ வாகன விபத்துக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம், அங்கே இப்போது ஆறு மாதக் கெடு. உண்மைகளில் தகராறே இல்லாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் வழி.

கையில் இருக்க வேண்டிய தாள்கள்

பணியில் இருக்கும்போதே சேர்ப்பது எளிது, வெளியே வந்தபின் ஒவ்வொன்றும் போராட்டம். மருத்துவமனைச் சேர்க்கை மற்றும் வெளியேற்றச் சீட்டு, கேஸ் ஷீட், காயமானால் காய அறிக்கை (ஐ.ஏ.எஃப்.ஒய். 2006), இடைக்கால மருத்துவ வாரியத்தின் படிவம் 15, வெளியேறும்போது கூடும் வாரியத்தின் படிவம் 16, படைக்குள் நடக்கும் உள்விசாரணை (கோர்ட் ஆஃப் என்கொயரி) கூடியிருந்தால் அதன் நடவடிக்கை. படிவம் 16இல் ‘பணியால் வந்ததல்ல’ என்று எழுதியிருந்தால் கையெழுத்தோடு ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்றும் எழுதி, அன்றைக்கே நகல் கேட்க வேண்டும். படிக்காமல் போட்ட கையெழுத்து பின்னர் எதிராகக் காட்டப்படும்.

கிடைக்காததற்கு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட) மனு. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள், மறுத்தால் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தகவல் ஆணையத்துக்கு 90 நாள். ‘என் சிகிச்சை விவரம் தரவும்’ என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். இன்ன தேதியில் ஏற்றிய ரத்தப் பையின் எண் என்ன, அதற்குச் செய்த சோதனைகளின் பதிவேட்டுப் பக்கம் எது, அன்று பணியிலிருந்த ரத்தமேற்றும் அதிகாரியின் தகுதி என்ன, ரத்த வங்கியின் உரிம எண் என்ன என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ‘பதிவு இல்லை’, ‘காலாவதியாகி அழிக்கப்பட்டது’ என்ற பதில் வந்தால் சோர்ந்துபோகக் கூடாது. சாம்பா வழக்கின் பாதையில் அந்தப் பதிலே ஓர் ஆதாரம். அழித்ததற்கான உத்தரவின் தேதியையும், எந்த விதிப்படி என்பதையும் அடுத்த மனுவில் கேட்கலாம்.

எச்.ஐ.வி. பாதித்தவருக்குத் தனியாக இரண்டு பாதுகாப்பு உண்டு. 2017 எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி வழக்கில் பெயரை மறைத்து நடத்தக் கேட்கலாம், வழக்கை முன்னுரிமையோடு விசாரிக்கவும் கேட்கலாம். எல்லா நீதிமன்றங்களும் தீர்ப்பாயங்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று இதே தீர்ப்பு உத்தரவிட்டிருக்கிறது. பெயர் மறைப்பு மனுவைப் புகாரோடு சேர்த்தே தர வேண்டும். வழக்குப் பட்டியல் இணையத்தில் ஏறியபின் தந்தால் பெயர் அதற்குள் வெளியே போயிருக்கும்.